சௌவின் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பாதி தாண்டினால் போதும், அயர்லாந்தில் இருக்கும் எனக்கு ஊரிலிருந்தும், இங்கே புதிதாக வந்து இறங்கியவர்களிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "அது என்ன கெல்ட்டியப் புத்தாண்டு? தீப்பந்தம் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்களாமே, நாமும் போகலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

சௌவின் என்றால் என்ன?

குளிர்காலம் பிறக்கும் நாள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மேன் தீவு ஆகிய இடங்களில் கெல்ட்டிய மொழி பேசிய மக்கள் வருடத்தை நான்கு நாட்களால் பிரித்துக்கொண்டார்கள். பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டனா, ஆகஸ்ட் 1 லூனசா, நவம்பர் 1 சௌவின். இது மாடு வளர்ப்பவர்களின் கணக்கு. மே மாதம் மாடுகளை மேட்டு நிலத்து மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள், நவம்பர் பிறக்கும்போது கீழே இறக்கிக்கொண்டு வருவார்கள். குளிர்காலம் முழுக்க எல்லா மாட்டுக்கும் வைக்கோல் போட்டுக் கட்டுப்படியாகாது. எதைக் கொட்டிலில் கட்டுவது, எதை அறுத்து உப்புக்கண்டம் போடுவது என்று அப்போதுதான் முடிவாகும். ஆக, விருந்துக்கும் அதுதான் நேரம்.

இந்தக் கணக்கு எத்தனை ஆழமாகப் பதிந்திருக்கிறது என்றால், ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே சௌவின் என்றுதான் பெயர். பிற்காலத்தில்கூடக் குத்தகைப் பணம் கட்டும் நாட்கள் மே 1, நவம்பர் 1 என்றே இருந்தன. அந்நியர் ஆட்சி வந்தது, மதம் மாறியது. மாட்டுக்காரனின் காலண்டர் மட்டும் அப்படியே நின்றது.

எழுத்தில் 'சம்ஹைன்' என்று இருக்கிறதே, எப்படிப் படிப்பது?

அப்படிப் படித்தால் இங்கே குழந்தைகள்கூடச் சிரிக்கும். ஐரிஷ் எழுத்துமுறையில் நடுவில் வரும் 'mh' என்ற இரண்டு எழுத்துக்கும் சேர்த்து 'வ' ஒலிதான். 'சௌவின்' அல்லது வேகமாகச் சொன்னால் 'சௌன்'. ஸ்காட்லாந்திலும் ஏறக்குறைய அதேதான், எழுத்துக்கூட்டல் மட்டும் கொஞ்சம் வேறு. 'சாவின்' என்று எழுதினால் தமிழில் விபரீதமான பொருள் வந்துவிடும். செத்தவர்கள் திரும்பி வரும் இரவு என்று சொல்லப்படுவதால் அது பொருத்தமாகத் தோன்றலாம், ஆனால் வெறும் தற்செயல்.

உண்மையிலேயே இது கெல்ட்டியர்களின் புத்தாண்டுதானா?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய ஐரிஷ் நூல்களில் சௌவின் திரும்பத் திரும்ப வருகிறது. அயர்லாந்தின் வட பகுதியான அல்ஸ்டரின் மக்கள் அதற்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள் என்று கூடி விருந்துண்டு விளையாடியதாக ஒரு கதை சொல்கிறது. போர்கள் அன்று நடக்கின்றன, அரசர்கள் அன்று சாகிறார்கள். ஆனால் 'இதுதான் ஆண்டின் முதல் நாள்' என்று எந்த நூலும் நேரடியாகச் சொல்லவில்லை.

அந்த யோசனையைப் பரப்பியவர் ஜான் ரீஸ். வேல்ஸ்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் கெல்ட்டிய மொழிகளுக்கு முதல் பேராசிரியர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் மேன் தீவில் தகவல் சேகரித்தபோது, நவம்பர் சமயத்தில் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிறவர்கள் "இன்றைக்குப் புத்தாண்டு இரவு" என்று பாடிய பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டார். வேல்ஸிலும் அயர்லாந்திலும் அதே இரவில் அடுத்த வருடத்துக்குக் குறி பார்க்கும் பழக்கம் இருந்தது. இவற்றைச் சேர்த்து, கெல்ட்டிய ஆண்டு நவம்பரில் பிறந்தது என்றார். பின்னால் வந்தவர்கள் அதை முடிந்த விஷயம்போல எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதைத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆதாரம் போதாது என்று எழுதினார்.

இன்னொரு சாட்சி வெண்கலத் தகடு. 1897-ல் பிரான்ஸின் கொலின்யீ என்ற ஊரில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்த கெல்ட்டிய நாட்காட்டி. இப்போது லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 'சமோனியோஸ்' என்று ஒரு மாதம், அதில் 'சமோனியின் மூன்று இரவுகள்' என்று ஒரு குறிப்பு. இதுதான் சௌவின் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். 'சம' என்ற வேர் கோடையைக் குறிப்பதால் அது கோடை மாதம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

என் கருத்தைக் கேட்டால், புத்தாண்டோ இல்லையோ, விழா உண்மை. இரவும் நெருப்பும் ஆப்பிளும் உண்மை. 'ஈராயிரம் ஆண்டுப் புத்தாண்டு' என்று நோட்டீஸில் போட்டுக்கொள்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் யாராவது கேட்டால் மேலே சொன்னதைச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 1 என்றால் ஏன் அக்டோபர் 31 ராத்திரி கொண்டாட வேண்டும்?

கெல்ட்டியர்களுக்கு நாள் இரவில் தொடங்கியது. 'கால்' எனப்பட்ட நாட்டின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) கெல்ட்டிய மக்கள் காலத்தைப் பகல்களால் எண்ணாமல் இரவுகளால் எண்ணுகிறார்கள், பிறந்த நாளும் மாதப் பிறப்பும் இரவிலேயே ஆரம்பிக்கின்றன என்று ஜூலியஸ் சீசர் தன் போர்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி 31-ஆம் தேதி சூரியன் மறைந்ததும் சௌவின் பிறந்துவிடும். அயர்லாந்தில் அன்று மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். குளிர்காலம் வந்துவிட்டது என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஹாலோவீனும் இதுவும் ஒன்றா?

ஐரிஷில் ஹாலோவீனுக்குப் பெயரே 'ஈஹ ஹௌனா', அதாவது சௌவின் இரவு. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போதும் அதன் பிறகும் கப்பலேறிய ஐரிஷ்காரர்களும், ஸ்காட்லாந்துக்காரர்களும் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே குடைந்து விளக்கு செய்ய டர்னிப் கிழங்குக்குப் பதிலாகப் பூசணி கிடைத்தது. அப்புறம் அது பிளாஸ்டிக் எலும்புக்கூடாகத் திரும்பி வந்து இங்கேயே கடைகளில் தொங்குகிறது.

'சர்ச் இந்த விழாவைத் திருடிக்கொண்டது' என்று அடிக்கடி படிப்பீர்கள். அவ்வளவு எளிதல்ல. 8-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகரி போப் ரோமில் எல்லாப் புனிதர்களுக்குமாக ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். 9-ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1 புனிதர் அனைவர் நாளாகப் பரவலாக நிலைத்தது. ஆனால் அயர்லாந்துத் திருச்சபை முன்பு அதே விழாவை ஏப்ரலில்தான் கொண்டாடியது. ஐரிஷ்காரர்களை வளைப்பதற்காகத் தேதி மாற்றினார்கள் என்றால், அயர்லாந்தில்தானே முதலில் மாற்றியிருக்க வேண்டும்?

சௌவின் என்பது மரண தேவதையின் பெயர் என்கிறார்களே?

இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வலான்சி என்ற ராணுவப் பொறியாளர் கிளப்பிவிட்ட கதை அது. அப்படி ஒரு தெய்வம் பழைய நூல் எதிலும் கிடையாது. அது நாளின் பெயர், அவ்வளவுதான்.

அன்றிரவு பேய் வரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பழைய கதைகளில் வருவது நாம் நினைக்கும் பேய் அல்ல. 'ஷீ' எனப்படும் மண்மேடுகளுக்குள் இன்னொரு உலகம் இருக்கிறது. சௌவின் இரவில் அந்த மேடுகள் திறந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்தது நெரா என்பவனின் கதை. ரோஸ்காமன் பகுதியில் ரத்க்ரோகன் என்ற இடம் இருக்கிறது. பழங்கதைகளில் வரும் மேவ் ராணியின் தலைநகரம் என்பார்கள். சௌவின் இரவு, அடுப்பில் விருந்து கொதிக்கிறது. வெளியே தூக்கில் தொங்கும் பிணத்தின் காலில் ஒரு செடிக்கொடியைக் கட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்கிறான் அரசன். நெரா போகிறான். பிணம் "தாகமாக இருக்கிறது" என்கிறது. அதை முதுகில் சுமந்துபோய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கோட்டை எரிந்துகொண்டிருக்கிறது. எரித்துவிட்டுப் போகும் படையின் பின்னாலேயே அவனும் குகைக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே அவனுக்கு ஒரு மனைவி அமைகிறாள். நீ பார்த்தது இன்னும் நடக்கவில்லை, போய் எச்சரிக்காவிட்டால் அடுத்த சௌவினில் நடக்கும் என்று அவள்தான் சொல்கிறாள். நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்கிறான். கோடைக் காலத்துச் செடிகளைப் பறித்துக்கொண்டு போ என்கிறாள். குளிர்கால வாசலில் பிரிம்ரோஸ் பூவும் காட்டுப் பூண்டுமாக வந்து நின்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? திரும்பி வந்து பார்த்தால், அடுப்பில் அதே பானை இன்னும் இறக்கப்படாமல் இருக்கிறது.

அந்தக் குகை இன்றும் இருக்கிறது. பூனைக் குகை என்று பெயர். வாசலில் குனிந்து, பிறகு தவழ்ந்து, சேற்றில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நுழையும்போது தலைக்கு மேலே ஒரு கல்லில் 'ஃப்ராயெக், மேவின் மகன்' என்று பழைய ஒகம் எழுத்தில் வெட்டியிருக்கிறது. அயர்லாந்தின் நரக வாசல் என்று சர்ச் ஆட்கள் இதைத்தான் சொன்னார்கள்.

நெருப்பு ஏற்றுவது எங்கே?

மீத் பகுதியில் அத்பாய் என்று சின்ன ஊர். அதன் பக்கத்தில் ட்லாக்ட்கா என்ற குன்று, ஆங்கிலப் பெயர் வார்டு ஹில். மலை என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள், புல் மேடுதான். மேலே நான்கு வளையமாக மண்கரைகள், ஏறக்குறைய 150 மீட்டர் குறுக்களவு. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆட்கள் 2014 முதல் சில ஆண்டுகள் தோண்டிப் பார்த்ததில், அவை ஒரே சமயத்தில் கட்டியவை அல்ல, காலத்துக்குக் காலம் மேலே மேலே கட்டியவை என்று தெரிந்தது.

17-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியார், சௌவின் இரவில் அயர்லாந்து முழுவதும் அடுப்புகளை அணைத்துவிட்டு, இந்தக் குன்றில் பழைய கெல்ட்டிய மதத்தின் ட்ரூயிட் பூசாரிகள் ஏற்றிய நெருப்பிலிருந்துதான் மறுபடி பற்றவைக்க வேண்டும் என்று எழுதினார். அடுப்புக்கு இவ்வளவு என்று தெற்கே மன்ஸ்டர் பகுதி அரசனுக்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமாம். நடந்த காலத்துக்கு வெகு பின்னால் எழுதியது, அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் அந்த அடுப்பு வரி மட்டும் எனக்கு ரொம்ப நிஜமாகத் தோன்றுகிறது. புனித நெருப்பானாலும் ரசீது உண்டு.

இப்போது அத்பாய்க்காரர்கள் அக்டோபர் 31 மாலை தீப்பந்தங்களோடு குன்றுக்குப் போகிறார்கள். நான் போயிருந்த வருடம் தூறல். மெழுகு தோய்த்த பந்தம், அட்டையில் செய்த கைப்பிடிக் காப்பு. காற்று திரும்பும்போதெல்லாம் மெழுகு சொட்டுச் சொட்டாகக் கையுறையில் விழுந்து உறைந்தது. முன்னால் ஒரு தாத்தா, பந்தத்தை ஒரு கையிலும் பேத்தியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார். மேலே போனதும் மட்டும் சத்தம் அடங்கியது. அந்த வருடம் இறந்துபோனவர்களின் பெயரைச் சிலர் சொன்னார்கள், சிலர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். அதற்கு அப்புறம் டிரம், பாட்டு, டீ.

2019 முதல் இதே அத்பாயிலும் பக்கத்து ட்ரிம் ஊரிலும் 'பூக்கா' என்ற பெரிய விழாவும் நடக்கிறது. அரசுச் சுற்றுலாத் துறை ஆதரவு, இசைக் கச்சேரி, விளக்கு அலங்காரம், டிக்கெட் எல்லாம் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் பந்தத்தோடு நடக்கத்தான் போவேன்.

தாரா குன்றிலும் ஏதோ இருக்கிறதாமே?

இதே மீத் பகுதியில் உள்ள அந்தக் குன்றில் பணயக் கைதிகளின் மேடு என்ற கல்லறை இருக்கிறது. சௌவினை ஒட்டிய நாட்களில் விடியல் வெளிச்சம் உள்ளே போகும் என்பார்கள். ஒரு விஷயம், அதைக் கட்டியது சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன். கெல்ட்டிய மொழி பேசியவர்கள் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பு. அதைக் கெல்ட்டியக் கட்டடம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் எப்படி?

எடின்பரோவில் பெல்டேன் ஃபயர் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. 1988-ல் கால்டன் ஹில்லில் மே மாத நெருப்பு விழாவைத் தொடங்கினார்கள், 1995-லிருந்து சௌவினும் சேர்ந்தது. பல வருடம் ராயல் மைல் தெருவில் ஊர்வலமாக நடந்தது, பின்னால் ஹோலிரூட் பூங்கா போன்ற இடங்களுக்கு மாறியது. போவதற்கு முன் அந்த வருடம் எங்கே என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கதை எளிது. கோடை அரசனும் குளிர்கால அரசனும் மோதுகிறார்கள், கய்யாக் என்ற குளிர்காலக் கிழவி தீர்ப்புச் சொல்கிறாள். கோடை விழுகிறது. உடம்பு முழுக்கச் சிவப்பும் கறுப்பும் பூசியவர்கள், நெருப்புச் சுழற்றுபவர்கள், நெஞ்சு அதிரும் டிரம். எல்லோரும் தன்னார்வலர்கள். இது பழைய சடங்கு அப்படியே உயிர்த்தது அல்ல, பழைய கதையை வைத்துப் புதிதாகக் கட்டியது. அவர்களும் அதை மறைப்பதில்லை.

மற்ற இடங்களில்?

வேல்ஸில் இதற்குக் 'கலன் கையாவ்' என்று பெயர். ஊரே பெருநெருப்பு மூட்டி, ஆளுக்கொரு கல்லில் அடையாளம் போட்டு அதில் எறிவார்கள். காலையில் உங்கள் கல் காணவில்லை என்றால் அந்த வருடம் உங்களுக்கு ஆகாது. நெருப்பு அணையும்போது வாலறுந்த கறுப்புப் பெண்பன்றி துரத்தும் என்று கத்திக்கொண்டு எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடுவார்கள். கடைசியாக ஓடுபவன் பாடு திண்டாட்டம். மேன் தீவில் 'ஹாப்-டு-நா', பிள்ளைகள் டர்னிப் விளக்கோடு பாடிக்கொண்டு வருவார்கள். வட அயர்லாந்தின் டெர்ரியில் 1980-களிலிருந்து நடக்கும் திருவிழா கூட்டத்தில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழைய கோட்டைச் சுவரின் மேல் ஊரே வேஷம் போட்டு நடக்கும்.

டர்னிப்பில் விளக்கு செய்வது கஷ்டமா?

கஷ்டம்தான். நம் ஊர் நூக்கலின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கல் மாதிரி இருக்கும். முதல் தடவை நான் கத்தியை மட்டும் நம்பி ஒரு மணி நேரம் போராடி, கட்டை விரலைக் கீறிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்ன வழி இது. மேல்பக்கம் மூடி மாதிரி வெட்டி எடுங்கள். உள்சதையில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். அப்புறம் கனமான ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். சுவர் ஒரு விரல் கனம் இருந்தால் போதும். கண்ணும் வாயும் சின்னதாக வெட்டுங்கள். மெழுகுவத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் மூடி கருகி, முட்டைக்கோசைத் தீய்த்தது போல ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றம்தான் பழைய ஹாலோவீன்.

பூசணி சிரிக்கும், டர்னிப் சிரிக்காது. காசல்பார் ஊருக்குப் பக்கத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் டொனிகால் பகுதி டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சு வார்ப்பு இருக்கிறது. சுருங்கின முகம், இடுங்கிய கண், ஒன்றிரண்டு பல். குழந்தைகளைக் கூட்டிப்போவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

என்ன சாப்பாடு?

பார்ம்பிராக். டீயில் ஊறிய உலர் திராட்சை போட்ட இனிப்பு ரொட்டி. உள்ளே மோதிரம், காசு, துணிக் கிழிசல் எல்லாம் வைத்துச் சுடுவார்கள். மோதிரம் வந்தால் கல்யாணம், காசு வந்தால் செல்வம், துணி வந்தால் தரித்திரம். இப்போது கடை ரொட்டியில் மோதிரம் மட்டும்தான் வருகிறது. பல் பத்திரம். இன்னொன்று கோல்கானன், மசித்த உருளைக்கிழங்கில் கேல் கீரை, நடுவில் குழி பறித்து வெண்ணெய். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. வாளித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கை படாமல் வாயால் கவ்வும் விளையாட்டு உண்டு, சட்டை நனையும்.

நாவல் நிறத்தில் வேலியோரம் காய்க்கும் பிளாக்பெர்ரியைச் சௌவினுக்கு அப்புறம் பறிக்காதீர்கள். பூக்கா என்ற குட்டிச்சாத்தான் அதன் மேல் துப்பிவிட்டுப் போயிருக்கும். குளிரில் பழம் அழுகிப்போவதைப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

வேற்று மதத்துக்காரர்கள் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. பேகன் நம்பிக்கை, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வ நம்பிக்கை, உள்ளவர்களுக்கு அது வழிபாடு, ஊர்க்காரர்களுக்கு ஊர்த் திருவிழா, பிள்ளைகளுக்கு மிட்டாய். யாரும் யாரையும் கேட்பதில்லை. சடங்கு நடக்கும்போது வட்டத்துக்குள் குறுக்கே போகாதீர்கள், முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

நாங்களே எங்கள் பகுதியில் நடத்தலாமா?

நடத்தலாம், நெருப்பை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் பட்டாசு வெடிப்பது குற்றம். கண்டதைப் போட்டுக் கொளுத்தும் நெருப்பையும் நகராட்சி வந்து அள்ளிக்கொண்டு போகும். நில உரிமையாளரிடம் சம்மதம், உள்ளாட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் முன்கூட்டியே தகவல், காப்பீடு. இவை மூன்றும் இல்லாமல் தீக்குச்சியைக் கிழிக்காதீர்கள். குவித்து வைத்த விறகுக்குள் முள்ளெலிகள் புகுந்து தூங்கும். கொளுத்துவதற்கு முன் ஒருமுறை பிரித்து அடுக்குங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் விளக்குகளோடு ஒரு நடை, ஆளுக்கொரு பாத்திரம் சாப்பாடு, ஒரு மேசையில் இறந்துபோனவர்களின் படம், வயதானவர் ஒருவர் சொல்லும் கதை. போதும். வேஷம் போட்டு வரும் பிள்ளைகளிடம் பாட்டோ விடுகதையோ கேட்டுவிட்டு மிட்டாய் கொடுங்கள். ஸ்காட்லாந்தில் அதுதான் வழக்கம், சும்மா கை நீட்டினால் கிடையாது.

அக்டோபர் கடைசித் திங்கள் அயர்லாந்தில் பொது விடுமுறை, பள்ளிகளுக்கும் அந்த வாரம் லீவு. தேதி குறிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பலர் இதை ஏப்ரல் 30-ல் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அப்போதுதானே குளிர்காலம் தொடங்குகிறது.

என்ன உடுத்திக்கொண்டு வருவது?

ரப்பர் பூட்ஸ். நைலான் வேஷ உடை பந்தத்தின் பக்கத்தில் ஆபத்து, கம்பளியோ பருத்தியோ நல்லது. மழைக்கோட்டை மறக்காதீர்கள். குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.